கேசட்டில் உறங்கும் நம் காலம்: கணினிக்கு ஏற்றி வைப்பது எப்படி?



தோட்டத்து வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும், அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். பிறப்புப் பத்திரம், பழைய அடையாளக் கார்டு, தாத்தாவின் சம்பளச் சீட்டு எல்லாம் அதற்குள் இருக்கும். அவற்றோடு, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய சின்னக் கேசட்டுகள் நாலைந்து கிடக்கின்றனவா என்று பாருங்கள். கிடந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது.

மகனின் திருமணம், மகளின் சடங்கு, தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்று ஆசை ஆசையாய்ப் பிடித்து வைத்த படங்கள் அவை. அவற்றில் நடமாடும் பலர் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் நடந்த லயமும் இல்லை. ஆனால் அவர்களுடைய குரலும் சிரிப்பும் அந்தச் சின்னக் கேசட்டுக்குள் இன்னும் இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு ஏற்றிக் காப்பாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

"இதெல்லாம் படித்த பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை, நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கேபிளைச் செருகும் வேலையைப் பிள்ளைகள் செய்யட்டும். ஆனால் படத்தில் இருப்பவர் யார், எந்த லயத்துக்காரர், எந்த வருடத் திருவிழா என்று சொல்லக் கூடியவர்கள் நீங்கள்தாம். இருவரும் கூடினால்தான் காரியம் முழுமை பெறும்.

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

டிவி எனப்படும் டிஜிட்டல் வீடியோ முறை 1995ஆம் ஆண்டு வெளிவந்தது. கையடக்கக் கேமராக்களுக்காக வந்த சின்னக் கேசட்டை மினிடிவி என்றார்கள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கல்யாண வீடுகளில் அதன் ஆட்சிதான்.

அதே 1995ஆம் ஆண்டில்தான் பிராங் பெசார் தோட்டம் இருந்த மண்ணில் புத்ராஜெயா எழத் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் வாழ்ந்த தோட்டக் குடும்பங்கள் பல டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. அதற்கு முன்பே சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகி இருந்தது. இப்படி எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. எத்தனையோ ரப்பர்க் காடுகள் செம்பனைக் காடுகளாயின. பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, கோயில் திடல் ஆகியவை இருந்த இடத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தால், அங்கே போய்க் காட்ட ஒன்றும் இல்லை. கேசட்டில் மட்டும் இருக்கிறது.

அந்தக் கேசட்டுக்கும் ஆயுள் குறைந்து கொண்டே போகிறது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

ஒன்று, நாடாவின் நிலை. நமது நாட்டின் ஈரக்காற்றும் தகரக் கூரையின் வெக்கையும் நாடாவுக்குப் பகை. நாளானால் வெள்ளைப் பொடி போலப் பூஞ்சணம் பூக்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொள்ளும்.

மற்றொன்று, நாடாவை ஓட்டும் கருவியின் நிலை. இதுதான் பெரிய சிக்கல். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கேமரா இல்லாவிட்டால் பயனில்லை. மினிடிவி கேமராக்களை இப்போது யாரும் புதிதாகச் செய்து விற்பதில்லை. இருப்பவை பழையவை, பழுதானால் உதிரி பாகம் கிடைப்பது அரிது. உலகின் கடைசி விஎச்எஸ் வீடியோ கருவிகளைச் செய்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016ஆம் ஆண்டு அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. காந்த நாடாக்களில் உள்ள பதிவுகள் உலகெங்கும் அழியப் போகின்றன என்று 2019ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் திட்டம் ஒன்று எச்சரிக்கை மணி அடித்தது. பெரிய காப்பகங்களுக்கே இந்த நிலை என்றால் நமது பிஸ்கட் டின்னின் கதி என்ன?

நல்ல செய்தியும் உண்டு. டிஜிட்டல் கேசட்டில் படம் எண்களாகப் பதிந்திருக்கிறது. முறையாகக் கணினிக்கு ஏற்றினால் அந்த எண்கள் அப்படியே வந்து சேரும். நகலுக்கு நகல் எடுத்தாலும் படம் மங்காது.

முதலில் கேசட்டை இனம் காணுங்கள்

எல்லாக் கேசட்டும் ஒன்றல்ல. கையில் எடுத்து, மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்.

மினிடிவி: சுமார் 66 மில்லிமீட்டர் நீளம், 48 மில்லிமீட்டர் அகலம். 'மினிடிவி' என்ற எழுத்து இருக்கும். வழக்கமான வேகத்தில் 60 நிமிடம் ஓடும். நீண்ட ஓட்ட முறையில் பதிந்திருந்தால் 90 நிமிடம்.

எட்டு மில்லிமீட்டர் கேசட்: மினிடிவியைவிடப் பெரியது. 'வீடியோ 8' அல்லது 'ஹை 8' என்றிருந்தால் பெரும்பாலும் பழைய அனலாக் பதிவு. சோனி நிறுவனம் 1999இல் கொண்டு வந்த 'டிஜிட்டல் 8' கேமராவும் இதே மாதிரிக் கேசட்டில்தான் பதியும். ஆனால் அது டிஜிட்டல் பதிவு. டிஜிட்டல் 8 கேமராக்களில் சில, பழைய அனலாக் கேசட்டுகளையும் ஓட்டிக் கணினிக்கு அனுப்பக் கூடியவை. அப்படி ஒன்று உறவினர் யாரிடமாவது இருந்தால் அது பொக்கிஷம்.

விசிடி தட்டு: நம்மில் பலருக்குக் கல்யாண வீடியோ விசிடியாகத்தான் வந்தது. இதற்குக் கேமரா தேவையில்லை. தட்டு போடும் வசதியுள்ள கணினியில் போட்டு, 'எம்பெகாவ்' என்ற கோப்புறையில் உள்ள பெரிய கோப்புகளை நகலெடுத்தால் போதும். விஎல்சி என்ற இலவச மென்பொருளில் அவை ஓடும். ஒன்றை நினைவில் வையுங்கள்: விசிடியில் உள்ளது சுருக்கப்பட்ட மங்கலான படம். அந்தப் படக்காரர் முதலில் மினிடிவி கேசட்டில் பிடித்திருக்கலாம். அவர் இன்னும் தொழிலில் இருந்தால், மூலக் கேசட்டை வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதால் நட்டம் ஒன்றுமில்லை அல்லவா?

தேவையான சாமான்கள்

மினிடிவி கேசட்டைக் கணினிக்கு ஏற்ற ஐந்து பொருள்கள் வேண்டும்.

முதலாவது, நன்றாக ஓடும் மினிடிவி கேமரா. படம் பிடித்த அதே கேமராவாக இருந்தால் மிகவும் நல்லது. நாடாவில் படம் மிக நுண்ணிய சாய்வுக் கோடுகளாகப் பதிந்திருக்கிறது. வழக்கமான வேகத்தில் ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். நீண்ட ஓட்ட முறையில் அதனினும் குறைவு. வேறு கேமராவில் போட்டால் அந்தக் கோட்டின் மேல் சரியாக ஓடாமல் படம் கட்டம் கட்டமாக உடையலாம். படம் உடைந்து வந்தால் உடனே கேசட்டைக் குறை சொல்லாமல் வேறொரு கேமராவில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கேமராவின் அடாப்டர். பேட்டரியை நம்பி இறங்காதீர்கள். பழைய பேட்டரி பாதி வழியில் காலை வாரிவிடும்.

மூன்றாவது, ஃபயர்வயர் கேபிள். கேமராவில் 'டிவி' அல்லது 'ஐலிங்க்' என்று எழுதிய சிறு துவாரம் இருக்கும். அது பெரும்பாலும் நான்கு ஊசித் துவாரம். கணினிப் பக்கம் நான்கு, ஆறு அல்லது ஒன்பது ஊசி இருக்கலாம். கணினியைப் பார்த்துவிட்டே கேபிள் வாங்குங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேமராவில் யூஎஸ்பி துவாரமும் இருக்கும். "இதில் செருகினால் ஆகாதா?" என்று பலர் கேட்பார்கள். பெரும்பாலான மினிடிவி கேமராக்களில் யூஎஸ்பி வழி வருவது நிழற்படங்களோ மங்கலான சிறு படமோதான். முழுத்தரப் படம் ஃபயர்வயர் வழியாகத்தான் வரும். ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யூஎஸ்பி என்று மலிவு விலையில் வெறும் கேபிள் விற்பார்கள். வாங்காதீர்கள்! பிளக் பொருந்தும், படம் வராது. இரண்டும் வெவ்வேறு மொழி பேசும் கருவிகள். வெறும் கேபிள் மொழிபெயர்க்காது.

நான்காவது, ஃபயர்வயர் உள்ள கணினி. இன்றைய மடிக்கணினிகளில் இந்தத் துவாரம் இருப்பதில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டுகளில் வந்த பல கணினிகளில் இருந்தது. அப்படிப்பட்ட பழைய கணினி வீட்டு மூலையில் தூசி படிந்து கிடக்கலாம். அதைப் பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் பக்கவாட்டில் பாருங்கள். இந்த வேலைக்கு அதுவே போதும். மேசைக் கணினியானால் ஃபயர்வயர் அட்டை ஒன்றை வாங்கி உள்ளே பொருத்திக் கொள்ளலாம். ஆப்பிள் கணினி வைத்திருப்போர் கவனிக்க வேண்டும்: 2025ஆம் ஆண்டு வெளிவந்த மேக்ஓஎஸ் டாஹோ ஃபயர்வயரை ஏற்பதில்லை. அதற்கு முந்திய பதிப்புள்ள பழைய மேக் தேவைப்படும்.

விண்டோஸ் எக்ஸ்பி போன்ற பழைய அமைப்பில் ஓடும் கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு உதவியை 2014ஆம் ஆண்டே மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. படத்தை ஏற்றி, வெளிவட்டில் நகலெடுத்து, புதிய கணினிக்குக் கொண்டு போங்கள்.

ஐந்தாவது, இடம். ஒரு மணி நேர மினிடிவி படம் கணினியில் சுமார் 13 ஜிகாபைட் பிடிக்கும். பத்துக் கேசட்டுக்கு 130 ஜிகாபைட். ஒரு டெராபைட் வெளிவட்டில் எழுபது கேசட்டுக்கு மேல் அடங்கும். ஒரு குடும்பத்துக்கு அது தாராளம்.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

கேசட்டின் முதுகுப் பக்கம் ஒரு சின்னத் தள்ளுகட்டை இருக்கும். அதை 'சேவ்' என்ற பக்கம் தள்ளிவிடுங்கள். அப்போதுதான் தவறுதலாகப் பதிவுப் பொத்தான் அமுங்கினாலும் பழைய படம் அழியாது. முதல் வேலை இதுதான், மறக்கவே கூடாது.

பிறகு கேசட்டின் கண்ணாடி வழியே நாடாவைப் பாருங்கள். வெள்ளைப் படலமோ பொடியோ தெரிந்தால் கேமராவில் போடாதீர்கள். பூஞ்சணம் கேமராவின் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுகளையும் கெடுக்கும். அதைத் தனியாக ஓர் உறையில் போட்டு, இந்தத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை எடுத்து வந்த உடனே கேசட் போட வேண்டாம். குளிர்ந்த உலோகத்தில் நீர் கோத்து நாடா ஒட்டிக் கொள்ளும். ஒரு மணி நேரம் அப்படியே விட்டு வைத்த பிறகு போடுங்கள்.

பல வருடம் ஓடாமல் கிடந்த கேசட்டை முதலில் கடைசி வரை ஓட்டி, மறுபடி முதலுக்குச் சுற்றுங்கள். இறுகிய சுற்றுகள் தளர்ந்து சீராகும். படம் கட்டம் கட்டமாக வந்தால் ஹெட் துடைக்கும் கேசட்டைச் சில விநாடி மட்டும் ஓட்டலாம். அதன் உறையில் சொல்லியிருக்கும் நேரத்தை மீறாதீர்கள். அது அரம் போன்றது; அளவுக்கு மிஞ்சினால் ஹெட்டையே தேய்த்துவிடும்.

ஏற்றும் முறை

இனி வேலைக்கு வருவோம்.

1. கேமராவை அணைத்து வைத்து ஃபயர்வயர் கேபிளைச் செருகுங்கள். பிளக்கின் வடிவத்தைப் பார்த்து மெதுவாகச் செருகுங்கள். தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் மின்பகுதி எரிந்து போகக்கூடும்.

2. கேமராவைப் படம் பிடிக்கும் நிலையில் வைக்காமல், 'விசிஆர்' அல்லது 'பிளே' என்ற நிலையில் வையுங்கள். பலருக்குக் கணினி கேமராவைக் கண்டுகொள்ளாமல் போவதற்குக் காரணம் இந்தச் சுவிட்சுதான்.

3. கணினியில் ஏற்றும் மென்பொருளைத் திறங்கள். விண்டோஸ் கணினிக்கு வின்டிவி என்ற சிறிய இலவச மென்பொருள் உண்டு. எக்ஸ்பியில் மூவி மேக்கர் கூடவே வந்தது. ஆப்பிளில் ஐமூவி, லினக்ஸில் டிவிகிராப். புதிய விண்டோஸில் கேமரா தெரியாவிட்டால் பழைய ஃபயர்வயர் டிரைவரைப் போட வேண்டியிருக்கும். விஷயம் தெரிந்த பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்.

4. தரம் கேட்டால் 'டிவி' அல்லது 'டிவி-ஏவிஐ' என்பதையே தேர்ந்தெடுங்கள். "சின்னதாக ஏற்றினால் இடம் மிச்சமாகுமே" என்று நினைத்து முதலிலேயே சுருக்கிவிடாதீர்கள். சுருக்கியதைப் பிறகு விரிக்க முடியாது.

5. வெளிவட்டு 'ஃபாட் 32' முறையில் அமைந்திருந்தால் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. ஏறத்தாழ 20 நிமிடத்தில் பதிவு நின்றுவிடும். 'என்டிஎப்எஸ்' முறையில் அமைத்துக் கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

6. கேசட்டை முதலுக்குச் சுற்றி, மென்பொருளில் பதிவைத் தொடங்கிப் படத்தை ஓட விடுங்கள். 60 நிமிடக் கேசட் ஏற 60 நிமிடம் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை.

7. அந்த நேரத்தில் கணினியில் விளையாட்டு, பாட்டு என்று வேறு வேலை வேண்டாம். விடுபட்ட படங்களின் எண்ணிக்கையை மென்பொருள் காட்டும். பூச்சியமாக இருந்தால் நல்லது. ஒன்றிரண்டு பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் போனால் அந்தப் பகுதியை மறுபடி ஏற்றுங்கள்.

8. முடிந்ததும் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் ஓட்டிப் பாருங்கள். படமும் ஒலியும் சரியாக இருந்தால்தான் அந்தக் கேசட்டுக்கு 'முடிந்தது' என்று குறி போடலாம்.

இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும். மினிடிவி நாடாவில் படத்தோடு அது பிடித்த நாளும் நேரமும் பதிந்திருக்கும், அன்றைக்குக் கேமராவின் கடிகாரம் சரியாக இருந்திருந்தால். ஃபயர்வயர் வழி ஏற்றும்போது அந்த நாளும் கூடவே வந்துவிடும். "இது பெரியவன் கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியா?" என்று வீட்டில் வாக்குவாதம் வந்தால், தீர்ப்பு அதிலேயே கிடைக்கும்!

அந்த ஒரு மணி நேரத்தை வீணாக்காதீர்கள்

"ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டுமா?" என்று சலித்துக் கொள்ள வேண்டாம். இந்த வேலையில் மிகப் பெரிய பலன் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

வீட்டிலுள்ள பெரியவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் எடுத்துக் கொள்ளுங்கள். படம் ஓட ஓட அவர் சொல்வதை எழுதுங்கள். மணவறைக்குப் பின்னால் நிற்பவர் யார்? கரகம் எடுப்பவர் எந்த வீட்டுப் பிள்ளை? தீமிதியில் முதலில் இறங்கியவர் யார்? பின்னால் தெரியும் கட்டடம் ஆயாக்கொட்டகையா, பால் கொட்டகையா? அப்போது மண்டோர் யார், கிராணியார் யார்? எத்தனையாவது நிமிடத்தில் எது வருகிறது என்றும் குறித்துக் கொள்ளுங்கள்.

பேர் தெரியாத படம், இன்னும் முப்பது வருடத்தில் யாரோ சிலர் நடமாடும் படமாகிவிடும். இன்று பாட்டி ஒருவர், "அதோ, அந்தச் சிவப்புச் சேலைதான் உன் அப்பாவைத் தூக்கி வளர்த்த மாரியாயி அத்தை" என்று சொன்னால், அந்தப் படத்துக்கு உயிர் வந்துவிடும். நாடா கெட்டாலும் எங்கேயாவது தேடி ஆள் பிடிக்கலாம். பாட்டியின் நினைவு மங்கிவிட்டால் எந்தக் கடையிலும் அதைச் சரி செய்ய முடியாது. ஆகவே எந்தக் கேசட்டை முதலில் ஏற்றுவது என்ற கேள்விக்கு விடை எளிது: அதைப் பார்த்துப் பேர் சொல்லக் கூடியவர்களில் மூத்தவர் யாரோ, அவருடைய காலத்துக் கேசட்டை முதலில் ஏற்றுங்கள்.

பெரியவர் பேசும்போது கைப்பேசியில் அவர் குரலையும் பதிந்து வைக்கலாம். படத்தைக் கண்டதும் வாயில் வரும் கதைகள், "கதை சொல்லுங்கள்" என்று தனியே கேட்டால் வருவதில்லை. சிலருக்கு மறைந்தவர் முகத்தைக் கண்டதும் மனம் தாங்காது. அப்போது அவசரப்படுத்தாதீர்கள். கேசட் தன்பாட்டில் ஓடட்டும். நீங்கள் அவர் பக்கத்தில் இருங்கள்.

பெயரிடுதலும் நகல் வைத்தலும்

ஏற்றிய கோப்புக்குப் 'புதிய வீடியோ 1' என்று பெயர் வைத்தால் நாளைக்குத் தேட முடியாது. வருடம், மாதம், நிகழ்ச்சி, இடம் என்ற வரிசையில் பெயரிடுங்கள். எடுத்துக்காட்டாக, '2001-04 மாரியம்மன் திருவிழா மேட்டு லயம்' என்றால் கணினியே வருட வரிசையில் அடுக்கிக் கொடுத்துவிடும். அதே பெயரைக் கேசட்டின் மேலும் எழுதி ஒட்டுங்கள். நோட்டில் எழுதிய பேர் விவரங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அதே கோப்புறையில் வையுங்கள்.

அடுத்தது நகல். ஒரே வெளிவட்டில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். கீழே விழுந்தால் ஒரே நொடியில் எல்லாம் போகும். மூன்று நகல் வேண்டும். அவற்றில் ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு வெளிவட்டு, கணினியில் ஒன்று, கிள்ளானிலோ சுங்கை பட்டாணியிலோ இருக்கும் தங்கை வீட்டில் இன்னொன்று என்று பிரித்து வையுங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வரும் பகுதிகளில் இருப்போருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது, வெளிவட்டைச் செருகி ஓடுகிறதா என்று பாருங்கள்.

உறவினருக்கு அனுப்ப 13 ஜிகாபைட் கோப்பு உதவாது. ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளால் எம்பி4 வடிவில் சிறிய நகல் எடுங்கள். ஒரு மணி நேரப் படம் இரண்டு ஜிகாபைட் அளவுக்குள் வந்துவிடும். அசையும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால் 'டீஇன்டர்லேஸ்' என்ற அமைப்பை இயக்குங்கள், கோடு மறையும். வாட்ஸ்ஆப் வழி அனுப்பினால் படம் மேலும் மங்கும். நல்ல தரம் வேண்டியவருக்குப் பென்டிரைவில் கொடுங்கள். எப்படிச் சுருக்கினாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஏற்றி முடித்த கேசட்டையும் எறியாதீர்கள். தூசி படாத பெட்டியில், நிமிர்த்தி, வெக்கையும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்யலாம்?

கேமராவும் இல்லை, பழைய கணினியும் இல்லை என்றால் பட்டணத்தில் கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரும் கடைகள் உள்ளன. கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஃபயர்வயர் வழியாக ஏற்றுவீர்களா? டிவிடி தட்டோடு மூலக் கோப்பையும் வெளிவட்டில் தருவீர்களா? கேசட்டைத் திருப்பித் தருவீர்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் முதலில் ஒரே ஒரு கேசட்டைக் கொடுத்துப் பாருங்கள். திருப்தியானால் மற்றவற்றைக் கொடுக்கலாம். எண்ணிக்கையை ரசீதில் எழுதி வாங்குவது உங்கள் உரிமை.

மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிள் வழியாக யூஎஸ்பிக்கு மாற்றும் சின்னக் கருவிகளும் உண்டு. விஎச்எஸ், ஹை 8 போன்ற அனலாக் கேசட்டுகளுக்கு அதுதான் வழி. மினிடிவிக்கு அது இரண்டாம் தரம். படத்தின் தெளிவு குறையும், நாள் விவரமும் வராது. ஆனாலும் ஃபயர்வயருக்கு வழியே இல்லாதபோது, ஒன்றும் இல்லாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கூடிச் செய்தால் சுலபம்

ஆளுக்கொரு கேமரா, ஆளுக்கொரு கணினி வாங்கத் தேவையில்லை. முன்பு தோட்டத்தில் கல்யாணம் என்றால் பந்தல் போட எல்லா லயத்திலிருந்தும் ஆள் வந்தார்கள். யாரும் கூலி கேட்டதில்லை. இதையும் அப்படியே செய்யலாம். தோட்டம் கலைந்து பல ஊர்களில் சிதறிப் போனவர்கள் இன்றும் கோயில் திருவிழாவுக்கோ ஒன்றுகூடலுக்கோ சேர்கிறார்கள். அந்தக் குழுவுக்கு ஒரு கேமரா, ஒரு பழைய கணினி, இரண்டு வெளிவட்டு இருந்தால் போதும். செலவைப் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு விழுவது சில வெள்ளிதான்.

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு கேசட் என்று வைத்துக் கொண்டால் மாதத்துக்குப் பதினாறு கேசட் ஏறும். ஒரே தீமிதியை மூன்று வீட்டார் மூன்று மூலையிலிருந்து பிடித்திருப்பார்கள். உங்கள் கேசட்டில் இல்லாத உங்கள் அப்பா, பக்கத்து வீட்டாரின் கேசட்டில் பால்குடம் எடுத்துக் கொண்டு போகலாம்! தனித்தனியே பூட்டி வைத்திருந்தால் இது யாருக்குத் தெரியும்?

ஒரு நாகரிகத்தையும் கடைப்பிடிக்க வேண்டும். வீட்டுக்குள் பிடித்த படங்களையும் சடங்குப் படங்களையும், அதில் உள்ளவர்களைக் கேட்காமல் வெளியே பரப்பக் கூடாது. திருவிழா ஊருக்குச் சொந்தம். வீட்டு விசேஷம் வீட்டாருக்குச் சொந்தம்.

இளைஞர்களே! உங்கள் தாத்தா பாட்டியர் வரலாற்றுப் புத்தகத்தில் பெயர் போட்டுக் கொண்டவர்கள் அல்லர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் மரம் சீவி, செம்பனைக் குலை அறுத்து, உங்களைப் படிக்க வைத்தவர்கள். அவர்கள் வாழ்ந்த வாழ்க்கைக்குச் சாட்சி அவர்களுடைய குடும்பப் படங்கள்தாம். உங்களுக்கு விரல் நுனியில் வரும் இந்த வேலை, அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய மரியாதை.

தாய்மார்களே, பெரியோர்களே! பிள்ளைகள் தாமாகக் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். இந்த வார ஓய்வு நாளில் கேசட்டுகளை எடுத்து, எண்ணி, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று நினைவுள்ளவரை எழுதி ஒட்டுங்கள். தள்ளுகட்டையை 'சேவ்' பக்கம் தள்ளுங்கள். பிறகு மகனையோ மகளையோ பேரனையோ கூப்பிட்டு, "இதை ஏற்றிக் கொடு, நான் பக்கத்தில் உட்கார்ந்து பேர் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள்.